அரைச் சம்பளத்துக்கு அரை மணி முன்னால்

தொற்றுக் காலத்தில் மூடிய எங்கள் நூற்பாலை, வீட்டிலிருந்த எங்களுக்கு அரைச் சம்பளம் தந்துகொண்டிருந்தது. ஆலை திறக்கும் முன்பே அதை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். சும்மா இருந்து சாப்பிட்டுச் சோம்பேறியாகிவிட்டோமாம்.

"அப்ப நாளைக்கு வேலைக்கே போயிருவோம்டி," என்ற என்னோடு வேலை பார்க்கும் அக்கா, எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். இந்த வேலையும் போனால் வேறு கிடைக்காது. பதற்றத்தில் வழக்கமான ஷிப்டுக்கு அரை மணி முன்பே தூக்குவாளியோடு ஆலை வாசலில் போய் நின்றேன். பிறகுதான் மற்றவர்கள் ஆட்டோ ஆட்டோவாக வந்து இறங்கினார்கள். நிலக்கோட்டைச் சந்தையில் பூ விலைபோகாத நேரம். எல்லார் தலையிலும் முழம் முழமாக மல்லிகை.

மேனேஜர் ஓடிவந்தார். "யாரு வரச் சொன்னது?"

வாட்ச்மேன் என்னைக் காட்டினார். "இந்தப் புள்ளதான் சார் மொத ஆளு."

"ஆலையப் பூட்டுனது நாங்களா சார்?" என்று என் வாய் தானாகவே கேட்டுவிட்டது. "தொறங்க, இப்பவே வேல பாக்குறோம். தொறக்குற வரைக்கும் என்னத்தத் திங்கிறது?"

"ஆத்தாடி, தலைவி பேசுது!" அக்கா விசிலடித்தார்.

உள்ளே போய் முதலாளியிடம் போனில் பேசிவிட்டு வந்த மேனேஜர், ஆலை திறக்கும்வரை அரைச் சம்பளம் உண்டு என்றார். அக்கா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

"எறக்கி விடுங்கக்கா, வீடியோ எடுக்குறாங்க!" என்று பயத்தில் கத்திக்கொண்டே நானும் சிரித்தேன்.