எருமைக்கு ஒரு ஜன்னலோரம்

பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறக்காத டென்மார்க்காரர்கள், திங்கட்கிழமை காலைகளில் நூலகத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கைக்குழந்தைகளுக்கு ஆடு மாதிரியும் வாத்து மாதிரியும் பாடுகிறார்கள். முதல் நாள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. என் மகள் மகிழுக்கு இரண்டரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. காதில் குறையில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பயத்தில் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"வீட்டில் என்ன பாடுவீர்கள்?" என்று கேட்டாள், அங்கே குழந்தைகளைப் பார்க்க வரும் நர்ஸ்.

"பாட்டெல்லாம் இல்லை. குழம்பிவிடக் கூடாதென்று டேனிஷ் மட்டும்தான் பேசுகிறோம்" என்றேன், பாராட்டுவாள் என்று நினைத்து. அவள் முகம் வாடிவிட்டது.

"உங்கள் மொழியில், முகத்தைப் பார்த்துப் பாடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால், அடுத்த சொல்லுக்குக் குழந்தை காத்திருக்கும். அந்த இடத்தில் நிறுத்தி நீங்களும் காத்திருங்கள்."

எனக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. என் சின்ன வயதில், சிவகாசியில் அம்மா காலையிலேயே பட்டாசு கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். எனக்குச் சோறு ஊட்டுவது அச்சகத்தில் வேலை பார்த்த அப்பா. குழந்தைப் பாட்டுப் புத்தகத்தின், மடித்து வெட்டாத வேஸ்ட் ஷீட் ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் பாடுவார்:

எருமையக்கா எங்க போற?
குளத்துப் பக்கம் குளிக்கப் போறேன்.
டிக்கெட் வாங்கி ஏறிக்கோ,
ஜன்னலோரம் உக்காந்துக்கோ.

அதையே மகிழுக்குப் பாடினேன். என் கணவர் எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். "குளத்துக்குப் போற எருமைக்கு எதுக்கு டிக்கெட்?" என்றார். அதுவரை எனக்கு அது தோன்றியதே இல்லை. போன் போட்டேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏத்தா, ஷீட்ட மடிச்சு வெட்டுனாத்தான பக்கம் வரிசைக்கு வரும்? விரிச்சுப் போட்டா ரெண்டாம் பக்கத்து எருமைப் பாட்ட ஒட்டிப் பதினஞ்சாம் பக்கத்து பஸ் பாட்டு நிக்கும். தெரிஞ்சுதான் அங்கன இருந்து இங்கன சேத்துப் பாடுனேன். எருமை பஸ்ஸுல ஏறவும் நீ வாயத் தொறப்ப. ஒரு வாய் சோறு உள்ள போயிரும்."

ஒரு மாதம் பாடினேன். 'டிக்கெட்'டுக்கு முன்னால் நிறுத்தி நிறுத்திக் காத்திருந்தேன். மகிழ் என் வாயையே பார்ப்பாள், அவ்வளவுதான். ஒருநாள் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். அதைப் பார்த்துவிட்ட கணவர், அப்பாவிடம் போனில் புத்தகத்திலுள்ள சரியான வரியைக் கேட்டுக்கொண்டு, தானே பாடத் தொடங்கினார்.

"குளத்துப் பக்கம் குளிக்கப் போறேன், சேத்த அள்ளிப் பூசப் போ..."

மகிழ் அவர் வாயைக் கையால் பொத்தினாள்.

"டிக்கெட்!"

சரிபார்க்கிற மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பினார்.

இப்போது நிறையப் பேசுகிறாள், இரண்டு மொழியிலும். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோர இருக்கையில் யாரையும் உட்காரவிடுவதில்லை, என்னைக்கூட. நேற்று ஒரு பெரியவர் உட்கார வந்தார். மகிழ் குறுக்கே கையை நீட்டி, "எருமை" என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் சிரித்தபடி வேறு இடம் பார்த்துப் போனார். குளத்துக்குக் கிளம்பிய எருமை, டென்மார்க் பஸ்ஸில் ஜன்னலோரம் வருகிறது. பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி, சிவகாசியிலிருந்து கிளம்பிய நான் நிற்கிறேன். எங்கே இறங்குவதென்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.