பெரியப்பாவின் விறகு

எங்கள் பெரியப்பா நாள் தவறாமல் விறகு வெட்டினார். ஆனால் அதில் ஒரு குச்சியைக்கூட எரிக்கமாட்டார், விற்கவும் மாட்டார். ஏன் என்று கேட்டால், "சும்மா ஒரு பொழுதுபோக்குதாம்மா" என்பார். ஊரில் ஆம்பளைகள் பொழுதுபோக்குக்குச் சீட்டாடினார்கள், சினிமாவுக்குப் போனார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு மட்டும் இப்படி.

அவர் அப்பாவுக்கு அண்ணன். காஞ்சிபுரத்தை விட்டுத் தென்னேரிப் பக்கம் போகிற வழியில் ஒரு தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அங்கே கூட்டிப்போவார். கேரியர் கம்பி குத்துகிற குத்தில் எனக்குப் பெரியப்பா மேலேயே கோபம் வரும்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார், மாடுகளை விற்றுவிட்டார். மிச்சம் இருந்தவை உழவுக்கு ஆகாத ஒரு கிழட்டு டிராக்டரும், ஏலத்தில் எடுத்த, முன்கண்ணாடி இல்லாத ஒரு லாரியும்தான். லாரியை எடுத்துக்கொண்டு போய், காற்றில் சாய்ந்த புளியமரம், வயலோரத்து வேலிக்காத்தான், பட்டுப்போன மாமரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றிவருவார். டிராக்டரிலிருந்து ஒரு வட்ட ரம்பத்துக்குப் பெல்ட் மாட்டி ஓட்டுவார். அப்பப்பா, அந்தச் சத்தம்! பல்லெல்லாம் கூசும். பெல்ட் அடிக்கடி கழன்றுகொள்ளும். "இன்னா ஒனக்கு இன்னிக்கு? இன்னாத்துக்கு இந்தக் கோவம்?" என்று டிராக்டரைக் கேட்டபடியே மறுபடி மாட்டுவார். வாரம் முழுக்க அவர் பேசுவது அதனோடு மட்டும்தான் என்று எனக்குத் தோன்றும்.

அறுத்த துண்டுகளைப் பிளந்து வெயிலில் பரப்புவார். காய்ந்த பிறகு இரண்டு கட்டைகளை எடுத்துக் காதோரமாக ஒன்றோடொன்று தட்டுவார். 'டங்' என்றால் காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டகைக்குள் போகும். மொத்தென்று கேட்டால் மறுபடி வெயிலுக்கு. கொட்டகைக்குள் கூரை முட்ட விறகு. நடுவில் ஆள் நடக்க மட்டும் ஒரு சந்து.

இத்தனை விறகை வைத்துக்கொண்டு அவர் தனக்குச் சோறு பொங்கியது எதில் தெரியுமா? கிருஷ்ணாயில் ஸ்டவ்வில்! அதற்கு எண்ணெய் வாங்க டவுனில் வரிசையில் வேறு நிற்பார். சமையலறையில் மண் அடுப்பு மெழுகியபடியே சுத்தமாக இருந்தது. ஊதுகுழல் ஆணியில் தொங்கியது.

ஒருமுறை பட்டுக்குச் சாயம் காய்ச்சுகிற பட்டறைக்காரர் ஒருவர் வந்து கொட்டகையைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். "சும்மா கெடக்குதேபா, வண்டிய அனுப்பட்டுமா?"

"விக்கறதுக்கு இல்லபா."

"அப்ப இன்னாத்துக்கு?"

"இருக்கட்டும்."

பட்டறைக்காரர் அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். வீட்டில் அம்மாவும் அதையே வேறு விதமாகச் சொன்னாள். ஒண்டியாக இருந்து மூளை கலங்கிவிட்டதாம்.

பெரியம்மா மெட்ராஸில் மகன் வீட்டில் இருந்தாள். மருமகள் பிரசவத்துக்குப் போனவள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. "பிரசவம் இன்னுமா முடியல?" என்று நான் கேட்டதற்கு அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

பெரியம்மா போனது தாத்தா திதிக்கு மறுநாள். அது ஐப்பசி மழை. திதிக்கு வந்தவர்கள் இலை முன்னால் உட்கார்ந்தாகிவிட்டது, சோறு வரவில்லை. பெரியப்பா அத்தனை பேர் முன்னாலும் சமையலறையைப் பார்த்துக் கத்தினார்: "ஒரு சோறு ஆக்கத் துப்பில்ல!" பெரியம்மா வெளியே வந்தாள். கண் இரண்டும் சிவந்து, முகமெல்லாம் கரி. "ஈர வெறகக் கொண்டாந்து போட்டா எப்படி எரியும்? ஊதி ஊதி என் கண்ணே அவிஞ்சிபோச்சு" என்றாள். அவ்வளவுதான். அன்று எனக்கு இருந்த கவலையெல்லாம் வடை எப்போது வரும் என்பதுதான்.

பிறகு இன்னொரு ஐப்பசியில், சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் வந்த பெரியம்மா, தோட்டத்துக்குப் போகவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாள். "என் வெங்கலப் பானைய எடுத்துக்கினு போயிடறேன் தம்பி. அது ஒண்ணுதான் அங்க கெடக்குது."

ஜட்கா வண்டியில் அப்பா, பெரியம்மா, நான் மூன்று பேரும் போனோம். நல்ல மழை. பெரியப்பா டிராக்டர் பக்கத்திலேயே நின்றுவிட்டார். தலையில் ஒரு சாக்கு. வா என்றுகூடச் சொல்லவில்லை. பெரியம்மாவும் அவரைப் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போய்ப் பானையை இறக்கிக் கீழே வைத்தாள்.

பெரியப்பா என்னிடம் சொன்னார்: "மழையில வந்துக்கிறாங்க. ஒரு வாய் காபி போட்டுக் குடிச்சிட்டுப் போவச் சொல்லும்மா."

பெரியம்மாவும் என்னிடம்தான் சொன்னாள்: "ஊரே நனைஞ்சி கெடக்குது. வெறகுக்கு எங்க போறதாம்?"

நான் அவள் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டாள். கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து இரண்டு கட்டைகளை உருவி, காதோரமாக ஒன்றோடொன்று தட்டினாள். டங். வேறு இரண்டை எடுத்தாள். டங். இந்த வேலை இவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அடுப்பு ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது. பெரியம்மா ஆணியிலிருந்து ஊதுகுழலை எடுத்தாள். எடுத்தவள் அதை மறுபடி ஆணியிலேயே மாட்டினாள். பால் பொங்குகிறவரை அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். நான் எட்டிப் பார்த்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"புகையே இல்லியே பெரியம்மா!"

"போடி வாயாடி" என்றாள்.

பெரியப்பா வெளியே நின்றபடியே காபியைக் குடித்தார். எனக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

ஜட்காவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். "பெரியம்மா, பானை!" என்று கத்திக்கொண்டே குதித்து உள்ளே ஓடினேன். வெங்கலப் பானை வைத்த இடத்திலேயே இருந்தது. நான் அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். பெரியப்பா என் கையிலிருந்து வாங்கினார். வண்டிக்குக் கொண்டுவருவார் என்று பார்த்தால், திரும்ப உள்ளே எடுத்துப்போய் அடுப்புப் பக்கத்தில் வைத்தார்.

"ஏறு கண்ணு, பஸ்ஸு போயிடும்" என்றாள் பெரியம்மா. அவள் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி திரும்பும்போது பார்த்தேன். பெரியப்பா மழையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அத்தனை தூரம் வந்தும் பெரியம்மா பானையை மறந்துவிட்டுப் போகிறாள், இவருக்குச் சிரிப்பு வருகிறது. அம்மா சொன்னது சரிதான், மூளை கலங்கித்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். பாவம், மெட்ராஸில் பெரியம்மா எதில் சோறு ஆக்குவாள் என்று வழியெல்லாம் எனக்குக் கவலையாக இருந்தது.