வெள்ளையடித்த விட்டம்

யுத்த காலம். மோகனூர் வீட்டை விற்றுவிட்டுச் சேலத்துக்குக் குடிபோக முடிவு செய்திருந்தோம். வீடு பார்க்க ஆள் வருகிறது என்று என் கணவர் சுவரோடு விட்டத்துக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தார். விட்டத்தைத் தட்டிப் பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

புதுச்சத்திரத்திலிருந்து புருஷனும் பெண்சாதியும் கைக்குழந்தையோடு வந்தார்கள். ஆண்கள் கிணற்றைப் பார்க்கப் போனார்கள். குழந்தை ஓயாமல் அழுதது. விட்டத்தில் தொங்கிய தூளியிலிருந்து என் பையனை எடுத்துக்கொண்டு, "இதுல போடுங்க, சாமி தூங்கட்டும்" என்றேன். அவள் போட்டு வேகமாக ஆட்டினாள்.

அழுகை அடங்கியதும் தலைக்கு மேலே நெறுக்கென்று ஒரு சத்தம். தூளிச் சேலையில் மண் உதிர்ந்தது. நிமிர்ந்தேன். கயிறு சுண்ணாம்பை அறுத்துக்கொண்டு விட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆட்டாதீங்க, கொழந்தையத் தூக்குங்க!"

அவள் திகைத்து நின்றாள். என் பையனை இடுப்பில் இடுக்கியபடியே பாய்ந்து, ஒரு கையால் அந்தக் குழந்தையை வாரினேன். மறுநொடி விட்டத்தின் அடிப்பாகம் பெயர்ந்து தூளியோடு தரையில் விழுந்தது. உள்ளே கரையான் நெளிந்தது.

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் பையனையே பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, உங்க சாமியும் தெனமும் இதுலதானுங்க தூங்குது?"

அவள் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, என் பையனை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"ஆள் வர்றதுக்கு முன்னாலயே தட்டிப் பாத்திருக்கோணும்" என்று என் கணவர் சாயங்காலம் வரை புலம்பினார். நான் தரையில் சிதறிய கரையானைக் கூட்டித் தள்ளினேன். வீடு விற்றாலும் விற்காவிட்டாலும், அன்று இரவு அந்த விட்டத்தின் கீழ் படுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.