நிறுத்திய மூன்றாம் நாள்

களப்பணி நாட்களில் எனக்கு மதியச் சாப்பாடு இறங்காது. குடிநோய் சிகிச்சை மையத்தில் சமூகப்பணி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்த காலம் முழுவதும் அப்படித்தான். ஐந்து பேரை ஐந்து ஊருக்கு அனுப்பிவிட்டு, ஐவரும் திரும்ப பஸ் ஏறும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ரேவதி கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"சார், நம்ம முருகையன் குடிய விட்டுட்டாரு! கோயில்ல கயிறு கட்டி மூணு நாளாச்சு. ஒரு சொட்டு தொடலியாம். கைகொடுத்துப் பாராட்டிட்டேன் சார்."

முருகையன் எங்கள் களப்பணிப் பட்டியலில் இருந்தவர்; டிராக்டர் ஓட்டுகிறவர். பல வருஷமாக, காலையில் எழுந்ததுமே குடிக்கிறவர்.

"கைகொடுத்தியே, அவர் கை நடுங்குச்சா?"

"ஆமா சார். வேர்த்து ஊத்துது. வீட்டுக்குள்ள எலி, எலின்னு கம்பெடுத்து அடிக்கிறாரு. எலியே இல்ல சார். 'இந்த அடிய வயல்ல அடிச்சிருந்தா நாலு மூட்டை கூட வந்திருக்கும்ணே'ன்னு அவர் தம்பி கிண்டல் பண்றாரு."

"சிரிக்கிற விஷயமில்லம்மா. திடீர்னு நிறுத்தினதால வர்றது இது. வலிப்பு வரும், உயிரே போகும். உடனே 108-க்கு போன் போடச் சொல்லு. அவரத் தனியா விடாத."

ரேவதி அதை அவர்களிடம் சொல்ல, பின்னாலிருந்து முருகையன் மனைவி செல்வியின் குரல் கேட்டது. "ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம்மா. அங்க ஊசியிலயே சாராயம் ஏத்துவாங்களாம். கயிறு கட்டின உடம்பு, சாமிகுத்தம் ஆயிடும்."

"அப்ப ஒரு குவார்ட்டர் குடுத்துருங்கண்ணி, எலி தன்னால ஓடிரும்" என்றான் தம்பி.

நான் பதற்றத்தில் மருந்துகளின் பெயர்களை அடுக்க ஆரம்பித்தேன். ரேவதி குறுக்கிட்டாள்.

"சார், கொஞ்சம் பேசாம இருங்க. நான் அக்காகிட்ட பேசணும்."

போனை அணைக்காமலே பேசினாள். "அக்கா, ஊசியில சாராயம் கிடையாது. நான் கூடவே வர்றேன், என்ன போடுறாங்கன்னு கேட்டுச் சொல்றேன். சாமிகிட்ட குடிக்க மாட்டேன்னுதான சொன்னாரு? வைத்தியம் பாத்துக்க மாட்டேன்னு சொல்லலியே?"

செல்வி கொழுந்தனை அதட்டுவது கேட்டது. "தம்பி, பல்லக் காட்டினது போதும். அண்ணன் சட்டைய எடுத்துட்டு வா. வண்டிக்குச் சொல்லு."

பாதி வழியில் முருகையனுக்கு வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸிலேயே ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, நாலைந்து நாளில் தெளிந்தார்.

குடியை நிறுத்துவதுதான் சிகிச்சை என்று நினைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் வருகிறார்கள். நிறுத்திய முதல் சில நாட்கள்தான் ஆபத்து என்பது பாடத்தில் இருக்கும். எதிரே ஒரு குடும்பம் சந்தோஷமாக நிற்கும்போது மறந்துபோகும்.

மறுவாரம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "அப்ப குடிய விட்டவங்கள, திரும்பக் குடிங்கன்னா சொல்றது?" எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ரேவதி எழுந்தாள்.

"விட்டுட்டேன்னு சொன்னா, எப்பலேர்ந்துன்னு கேளு. கையப் பிடிச்சுப் பாரு. டாக்டர்கிட்ட கூட்டிட்டு வா. பாராட்டு எங்கயும் ஓடிப்போயிடாது."