லோடு பார்த்து மாற்றிய பென்ஷன் பணம்

எங்கள் ஷூ கம்பெனியில் ஆர்டர் குறைந்தபோது, பென்ஷன் கணக்கில் ஷேர் ஃபண்டில் இருந்ததை எல்லாம் கவர்ன்மென்ட் பாண்ட் ஃபண்டுக்கு மாற்றினேன். கம்பெனி கேட்டுக்கு லோடு ஏற்ற கன்டெய்னர் வராவிட்டால் நாட்டில் எந்த வியாபாரமும் ஓடாது என்பது ஆம்பூர்க்காரன் நினைப்பு.

நான் மாற்றிய பிறகுதான் ஷேர் ஏற ஆரம்பித்தது.

இன்று கம்பெனி பஸ்ஸில், அன்று "லோடு ரொம்ப கம்மி சார்" என்று சொன்ன, சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் செக்‌ஷன் இம்தியாஸ் பாய் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாய், நீங்களும் மாத்திட்டீங்கதானே?"

"நான் எங்க சார் மாத்துனேன்? ஆப் பாஸ்வேர்டு மறந்துபோச்சு, அப்டியே விட்டுட்டேன். நேத்துதான் பொண்ணு தெறந்து குடுத்தா. நல்லா ஜாஸ்தியாயிருக்கு!"

ஆம்பூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாஸ்வேர்டை மறப்பதற்கு வழி தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள்.