முந்திரிக்கொட்டைக் கைதட்டல்

என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் கடிகாரக்காரர் கடைக்கும் நடுவே இடுப்பளவுப் பலகைத் தடுப்பு ஒன்றுதான். அவர் பாட்டுப் போட்டால் நானும் கேட்டே ஆக வேண்டும். அவர் போடுவதெல்லாம் மேடையிலேயே பதிவான கச்சேரிகள். எவனோ இருமுவான், நாற்காலி கிறீச்சிடும், நல்ல இடத்தில் ஒரு குழந்தை வீரிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஸ்டுடியோவில பண்ணது சுத்தமா இருக்குமே அண்ணே."

"அது இஸ்திரி போட்டு மாட்டி வச்ச சட்டை தம்பி. இது ஆளு போட்டிருக்கிற சட்டை," என்பார், கண்ணில் இடுக்கிய லென்ஸை எடுக்காமலே. இருமுகிறவர்களைக்கூட அவருக்குத் தெரியும். "இவரு மூணாவது பாட்டுல எழுந்து போயிடுவாரு, பாவம்," என்று சொந்தக்காரரைப்போல் வருத்தப்படுவார்.

ஒருமுறை வயலின் கச்சேரிக்கு என்னையும் அழைத்துப் போனார். அன்றும் பதிவு நடந்தது. எங்கள் வரிசைக்கு மேலேயே மைக் தொங்கியது. கடைசி உருப்படியில் வாசித்தவர் ஒரே சுரத்தை இழுத்து, மெலிய விட்டு, நூலாக்கிக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டது, அது எனக்குத் தெரிந்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் எனக்கு. தட்டினேன். கூடமே சேர்ந்து தட்டியது.

நாலு மாதத்தில் சிடி வந்தது. அந்தச் சுரம் மெலிந்துகொண்டே வர, பட் பட்டென்று இரண்டு தட்டு, பிறகு ஒரே இரைச்சல். கடிகாரக்காரர் லென்ஸை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வாட்ச் வாங்க வந்தவர், "எவன் சார் அந்த முந்திரிக்கொட்டை?" என்றார். நான் கல்லுளிமங்கன்போல் ஒரு ஃபிரேமைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவரே தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தார்.

"தம்பி, சத்தம் நம்ம வரிசையிலதான். அன்னைக்கு நான் கண்ணை மூடி, என்னை மறந்து உக்காந்திருந்தேன். நானாத்தான் இருக்குமோ?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த கேள்வி, பின்னே யார் என்று வருமே!

"இருக்கும்ணே," என்றேன்.

சொல்லிவிட்டேன், பாவி. அதன்பின் யார் கேட்டாலும், "நான்தான் சார் அது, மன்னிச்சுக்குங்க," என்பார். பிறகு அந்த சிடியையே போடவில்லை. கொஞ்ச நாளில் ஸ்டுடியோ பதிவுகளாகப் போட ஆரம்பித்தார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. எனக்குத்தான் கேட்கச் சகிக்கவில்லை. தடுப்பு வரைக்கும் எத்தனை முறை போயிருப்பேன்! ஸ்குரூ டிரைவர் கடன் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

அடுத்த வருடம் அதே வயலின்காரர் வந்தார். நான்தான் டிக்கெட் எடுத்தேன், இன்றைக்காவது சொல்லிவிடுவது என்று. கச்சேரி முடிந்து கூடம் எழுந்து நின்று தட்டியது. கடிகாரக்காரர் மட்டும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிடுச்சா தம்பி? நீங்க சொன்னா தட்டறேன்."

கையிலிருந்த டிக்கெட்டை நாலாக மடித்தேன், எட்டாக மடித்தேன். ஒருவழியாகத் தலையை ஆட்டினேன். அதற்குள் கூடம் அடங்கியிருந்தது. அவர் கையை உருவி, தனியாக, ஆசை தீரத் தட்டினார். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.