பெருவிரலில் மாட்டிய மாவுலா

கந்தர்வக்கோட்டையில் பஸ் ஏறும்போதே இறங்கிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். ஐம்பத்தெட்டாம் வருஷம், மார்கழி, பள்ளிக்கூடத்துக்கு லீவு. கணக்கு வாத்தியாராகிய நான் கடலில் மீன் பிடிக்கப் புறப்பட்டிருந்தேன். எங்கள் ஊர்ச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் செய்யது மரைக்காயரிடம், "மீன் பிடிக்கிறது என்ன பெரிய காரியம்?" என்று வாயை விட்டிருந்தேன். "அப்ப ஒரு தடவ வாங்களேன் வாத்தியாரே" என்றார் அவர். பக்கத்தில் எங்கள் தலைமையாசிரியர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார். பின்வாங்க வழியில்லை.

புதுக்கோட்டையில் ஒரு பஸ், அறந்தாங்கியில் ஒரு பஸ். ஆவுடையார்கோவிலில் பத்து நிமிஷம் நின்றது. உள்ளே போய்க் கும்பிட நேரமில்லாததால் ஜன்னல் வழியாகவே கோபுரத்தைப் பார்த்து என் உயிரை ஒப்படைத்தேன். அங்கிருந்து மீமிசல் பதினைந்து மைல், அதற்கப்பால் கோட்டைப்பட்டினம் ஐந்து மைல். டிக்கெட் எழுபத்தைந்து நயாபைசா.

"எங்கய்யா இம்புட்டுத் தூரம்?" என்றார் கண்டக்டர்.

"கடலுக்கு."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

என் மடியிலிருந்த குடையைப் பார்த்தார். "கொடை நல்ல கொடையா இருக்கே. வீட்டுல வச்சுட்டு வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

மாலை ஐந்தரைக்குக் கோட்டைப்பட்டினம். மரைக்காயர் வீட்டு வாசலில் பந்தல்கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மதியம் அவர் மகளுக்கு நாள் குறிக்க மீமிசலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். "மாவுலா ஆக்கிப் போடுறேன்னு வாய்விட்டுட்டேன் வாத்தியாரே" என்றார். வஞ்சிரத்துக்கு அந்தக் கரையில் மாவுலா என்று பெயர். "எட்டு நாளா வாடைக்காத்து. ஒரு வல்லம் எறங்கல. ஊருல ஒரு மாவுலா கெடையாது. விடிஞ்சா காத்துக் கொஞ்சம் தணியும். நாளைக்குக் காலையில கெடைச்சாத்தான்." வாயை விட்டவன் நான் மட்டுமல்ல என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

காலை ஆறு மணிக்கு வல்லம் என்கிற அந்தப் பாய்மரப் படகு தண்ணீரில் இறங்கியது. மரைக்காயர் சுக்கானில், அவர் மச்சினன் காசிம் பாய்மரத்தில், நடுப்பலகையில் மப்ளர் சுற்றிய நான். குளிர் காதுக்குள் ஊசி ஏற்றியது. கரை சின்னதாகிக்கொண்டே போவதை அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

"இங்க எவ்வளவு ஆழம்?"

"ரெண்டாள் ஆழந்தான்" என்றார் காசிம், என்னைத் தேற்றும் குரலில்.

நான் ஓராள்தானே என்று மனத்துக்குள் கழித்துப் பார்த்தேன். மீதி தண்ணீராக வந்தது.

இந்த மீன்பிடியில் வல்லம் நிற்கவே கூடாது. தூண்டில் முள்ளில் இரை கிடையாது. வெள்ளைக் கோழி இறகும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளும் கட்டி, நாற்பது பாகம், அதாவது நாற்பது தடவை கை விரித்த நீளம், கயிற்றைப் பின்னால் விட்டு இழுத்துக்கொண்டே ஓட வேண்டும். ஓடினால்தான் இறகு மீனாகத் தெரியும். நின்றால் இறகு இறகுதான். எனக்கோ எப்போது நிற்கும் என்பது ஒன்றே கேள்வியாக இருந்தது.

ஏழு மணிக்கு ஒரு கயிற்றை என்னிடம் கொடுத்தார் மரைக்காயர். "கவனமாக் கேளுங்க. கயித்தோட கடைசிய இந்தக் குறுக்குப் பலகையில முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டிருங்க. நடுவுல ஒரு சுத்து மட்டும் கால் பெருவெரல்ல. மீன் கடிச்சா வெரலுக்குத் தெரியும். ஒடனே வெரல உருவிக்கிடணும்."

"ஆகட்டும்" என்றேன். அந்தச் சமயம் பார்த்து ஓர் அலை வல்லத்தைத் தூக்கிப் போட்டது. பலகை, விரல், முடிச்சு, சுற்று என்ற நான்கு சொற்களும் என் மண்டைக்குள் உருண்டு இடம் மாறின. பலகையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். பெருவிரலில், வீட்டுச் செவலைக் காளையை முளைக்குச்சியில் கட்டுகிற முடிச்சைப் போட்டேன். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. காளை மூன்று வருஷமாக அவிழ்த்ததில்லை.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. மரைக்காயர் கயிற்றைப் பார்ப்பார், சூரியனைப் பார்ப்பார், கரையைப் பார்ப்பார். "மச்சான், தெக்க திருப்பிப் பாப்பமா?" என்று காசிம் கேட்டார். மரைக்காயர் சுக்கானைத் திருப்பினார். எட்டு மணி சுமாருக்கு, "மீமிசல்ல பன்னெண்டு பேரு பொறப்பட்டிருப்பாங்க" என்றார், யாரிடமும் இல்லாமல்.

எட்டே கால் மணிக்கு என் வலது கால் என்னை விட்டுப் புறப்பட்டது.

பலகையிலிருந்த சுற்று பாம்பு போல உருவிக்கொண்டு போயிற்று. நான் மல்லாந்து விழுந்து, கால் முன்னே, தலை பின்னே, வல்லத்தின் பின்பக்கம் நோக்கிச் சறுக்கினேன். இடது காலை ஒரு கட்டையில் முட்டுக்கொடுத்திராவிட்டால் மாவுலா என்னைப் பிடித்த கதையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

"உருவுங்க! வெரல உருவுங்க!"

"வரலையே! முடிச்சு!"

"முடிச்சா போட்டீங்க?" என்று காசிம் அலறினார். "மாடா கட்டுறீங்க?"

பக்கத்தில் பலகைமேல் மரைக்காயரின் கத்தி கிடந்தது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்த நிமிஷம் எனக்கு மரைக்காயரின் மகள் நினைவில்லை, பந்தல்கால் நினைவில்லை, புறப்பட்ட பன்னிரண்டு பேர் நினைவில்லை. என் பெருவிரல் ஒன்றுதான் உலகம். கயிற்றை அறுக்கக் கத்திக்கு எட்டினேன். அவசரத்தில் கை அதைப் பிடிக்காமல் தட்டிவிட்டது. அது ஒரு தடவை மின்னி, ரெண்டாள் ஆழத்துக்குள் போய்விட்டது.

அதற்குள் மரைக்காயர் சுக்கானைக் காசிமிடம் தள்ளிவிட்டு என்மேல் ஏறி மிதித்துக் கயிற்றைப் பிடித்துவிட்டார். விட்டு, இழுத்து, விட்டு, இழுத்து, கால் மணி நேரம். என் விரல் கத்தரிக்காய் நிறமாயிற்று. கடைசியில் வல்லத்துக்குள் வந்து விழுந்தது மீன். வெள்ளி வாரிப் பூசிய மாதிரி, என் இடுப்பு உயரம். மரைக்காயர் அதைத் தொடவில்லை. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என் காலை எடுத்து மடியில் வைத்து, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார்.

மதியம் ஒன்றரைக்குப் பந்தலில் நெய்ச்சோறும் மாவுலா ஆணமும்; குழம்புக்கு அங்கே ஆணம் என்று பெயர். மஞ்சள் பற்றிட்டுக் கட்டிய காலை நீட்டிக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் வாப்பா எதிரே வந்து நின்றார்.

"இவுகதானா? கயித்த அறுக்கச் சொல்லி ஆளுக சத்தம் போட்டும், மாட்டேன்னு கத்தியத் தூக்கிக் கடல்ல எறிஞ்சுட்டாகளாமே!"

எனக்கு முள் தொண்டையில் சிக்கியது. மரைக்காயர் அவசரமாக ஒரு கவளம் வெறுஞ்சோறு உருட்டி என் கையில் வைத்தார். விழுங்கினேன், முள்ளோடு உண்மையும் உள்ளே போயிற்று. அரை மணியில் நாள் குறித்தார்கள்.

நாலு மணி பஸ்ஸுக்கு மரைக்காயரே தோள் கொடுத்து நடத்தி வந்தார். அவர் காதருகில், "அந்தக் கத்தி..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க எதுக்கு அதுக்கு எட்டுனீங்கன்னு பாத்தேன் வாத்தியாரே" என்றார். குரலில் கோபமில்லை. "என் வெரலா இருந்தா நானும் எட்டியிருப்பேன். ஆனா எங்க வீட்டு விருந்தாளி காலக் குடுத்து மீனப் புடிச்சாருன்னு அவுக ஊரெல்லாம் சொல்லப் போறாக. எம் மகளுக்கு அது ஒரு பேரு, அதான் அப்படிச் சொல்லி வச்சேன். மாத்திப் பேசிராதீங்க."

எங்கள் ஊர்க் கண்மாயில் கோடைக்கு முழங்கால் தண்ணீர்; மீன் பிடிப்பது என்றால் சேற்றில் குனிந்து கையை விடுவது. அங்கே யாரும் எனக்காகப் பொய் சொல்ல வேண்டியிருந்ததில்லை. வீடு வந்து காளையைக் கட்டும்போது கழுத்துக் கயிற்றுக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். அன்றுமுதல் தினமும் பார்க்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இதையெல்லாம் இங்கே எழுதலாமா என்று போன வாரச் சந்தையில் மரைக்காயரைக் கேட்டேன். "ரெண்டு பேரன் ஆயாச்சு, இனிமே என்ன? எழுதுங்க" என்று சிரித்தார். கூட வந்திருந்த மருமகன்தான் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை போலிருக்கிறது. எனக்கு ஸலாம் சொல்லுமுன் மரியாதையாகக் குனிந்து என் வலது காலைப் பார்த்தார். நான் செருப்புக்குள் விரலை மடக்கிக்கொண்டேன்.